மேடை வேறு, திண்ணை வேறு

தேர்தல் முடிந்து, வெற்றி விழாவும் முடிந்து, சுவரொட்டிகள் வெயிலில் வெளுத்த பிறகும் சில வீடுகளில் தேர்தல் முடிவதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகப் பழகிய இருவர் தெருவில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது அந்த ஒரு பெயரை எழுதுவதா வேண்டாமா என்று கை தயங்குகிறது. என்ன நடந்தது என்று கேட்டால், "வாட்ஸ்அப்புல ஒரு வாக்குவாதம், அவ்வளவுதான்" என்கிறார்கள்.

அரசியல் பேசாமல் நம்மால் இருக்க முடியாது. இருக்கவும் வேண்டாம். டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் பத்திரிகையை உரக்கப் படித்து வாதாடிய மக்கள் நாம். ஆகவே, நண்பர்களுக்குள் அரசியலே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கே பேசலாம், எப்படிப் பேசலாம், எதைத் தொடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் மண்ணில் இதற்குப் பெரிய சாட்சியம் இருக்கிறது. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர். இருவரும் நண்பர்கள். பெரியாரைக் காங்கிரசுக்கு அழைத்துவந்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கோரிக்கையைக் காங்கிரசின் காஞ்சிபுரம் மாநாடு ஏற்காதபோது பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிர் அணிதான். 1938-இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்துப் போராடிய பெரியாரை அதே அரசு சிறையில் அடைத்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். மறு ஆண்டு ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இருவரும் மேடையில் ஒருவருக்கொருவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த இரண்டு மோதலுக்கும் நடுவே, 1949-இல் ஒன்று நடந்தது. அப்போது ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரல். திருவண்ணாமலைக்கு வந்த அவரைப் பெரியார் தனியாகச் சந்தித்துப் பேசினார். சில வாரங்களில் பெரியார், தம்மைவிட வயதில் மிக இளையவரான இயக்கத் தொண்டர் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய திராவிடர் கழகத்தில் கொந்தளிப்பு. ராஜாஜி சொல்லிக்கொடுத்துத்தான் இந்தத் திருமணம் நடந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் ராஜாஜி அந்தத் திருமணம் வேண்டாமென்றே பெரியாருக்கு அந்தரங்கமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்திருந்தால் ஒரு பழியாவது நீங்கியிருக்கும். பெரியார் வாசிக்கவில்லை. ராஜாஜியும் வாய் திறக்கவில்லை. அந்தக் கடிதம் வெளியானது இருவரும் மறைந்த பிறகுதான்.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். தொண்ணூற்று மூன்று வயதில் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து அழுதார். அரை நூற்றாண்டு எதிர்ப்பில் அவர் எதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நண்பனுக்காக அழ அது தடையாகவும் இல்லை.

அவர்களுக்கு மேடை வேறு, திண்ணை வேறு. மேடையில் பேசியது கொள்கைக்காக. திண்ணையில் பேசியது திண்ணையோடு நின்றது. இன்று நம் கையிலிருக்கும் செல்போன் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நண்பனிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை நூறு பேர் இருக்கும் குழுவில் சொல்கிறோம். அவன் தனியாக அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்குக் காட்டுகிறோம். நூறு பேர் பார்க்கும்போது யாருக்கும் இறங்கிவர மனம் வராது. கருத்து வேறுபாடு மானப் பிரச்சினையாக மாறுவது அங்கேதான்.

அதனால் முதல் எல்லை, இடம். பழைய மாணவர் குழு, குடும்பக் குழு, தெருக் குழு இவற்றில் கட்சி வேண்டாம். பேசியே ஆக வேண்டுமென்றால் நேரில் பேசுங்கள். முகம் பார்த்துப் பேசும்போது நாக்கு கொஞ்சம் அடங்கும்.

இரண்டாவது எல்லை, சொல். "உன் கட்சி செய்தது தவறு" என்று நண்பர் சொல்லலாம். நீங்கள் பதில் சொல்லலாம். "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் நாடு கெட்டுச்சு" என்றால் அவர் பேசுவது கட்சியைப் பற்றியல்ல, உங்களைப் பற்றி. அங்கே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது எல்லை, நம்பிக்கை. கடன், நோய், வீட்டுச் சண்டை, பிள்ளைகளைப் பற்றிய கவலை என்று நண்பர் மனம் திறந்து சொன்ன எதையும் வாதத்தில் எடுத்து வீசக்கூடாது. அதை ஒருமுறை செய்துவிட்டால், எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் அவர் மறுபடி உங்களிடம் மனம் திறக்கமாட்டார்.

இந்த எல்லைகளை எப்படிச் சொல்வது? சண்டையின் நடுவில் சொன்னால் அதுவும் சண்டையாகிவிடும். கோபம் ஆறிய ஒரு நாளில், தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். "உன்கூடப் பேசாம இருக்க என்னால முடியாது. ஆனா இந்த விஷயத்தைப் பேசினா ரெண்டு பேருக்கும் மனசு கசந்துபோகுது. இனிமே இந்தப் பேச்சு வந்தா நான் எழுந்து போயிடுவேன். கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காதே." இவ்வளவு போதும். அவர் கருத்தை மாற்றும்படி இதில் எந்த நிபந்தனையும் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். அடுத்த முறை பேச்சு வரும்போது, சொன்னபடியே எழுந்து போங்கள். மறுநாள் வழக்கம்போல் போன் செய்து நலம் விசாரியுங்கள். எல்லை உங்களுக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவரைப் பேசாதே என்று சொல்லிவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு அவருக்கு ஒரு காணொளியை ஃபார்வர்டு செய்தால் அதற்குப் பெயர் எல்லையல்ல, அதிகாரம்.

எல்லா நட்பையும் எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. ஒருவர் உங்கள் பிறப்பை, சாதியை, மதத்தை, பெண் என்பதை வைத்து இழிவாகப் பேசுகிறார், சொல்லியும் நிறுத்தவில்லை என்றால், அதை அரசியல் கருத்து என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே விலகுவதுதான் சுயமரியாதை.

விலகுவதிலும் ஒரு பண்பு இருக்கிறது. 1949-இல் பெரியாரை விட்டு விலகி அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். விலகிப்போனவர்களைப் பெரியார் கண்ணீர்த்துளிகள் என்று ஏளனமாகச் சாடினார். அண்ணாவோ கட்சித் தலைவர் பதவியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்து, தான் பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார். 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். வென்ற அண்ணா, முதலமைச்சராகப் பொறுப்பேற்கும் முன்பே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டுகள் விலகியிருந்தவர் திரும்பிப் போக முடிந்தது, விலகிய காலத்தில் வெறுப்பை வளர்க்காமல் இருந்ததால்தான்.

நேயர்களே, தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும். கட்சிகள் கூட்டணி மாறும். நேற்று திட்டிக்கொண்ட தலைவர்கள் நாளை ஒரே மேடையில் கைகோத்து நிற்பார்கள். அவர்களுக்காக நாம் முறித்துக்கொண்ட நட்பை எந்தத் தலைவரும் வந்து ஒட்டவைக்கப்போவதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். எல்லையைச் சொல்லத் தெரியாததால் பேச்சே நின்றுபோன ஒருவர் உங்களுக்கு இருந்தால், இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள். எதைப் பேசுவதில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேசுவதற்கு மற்றதெல்லாம் இருக்கிறது.