நோயைக் காட்டும் படங்கள்



தோலில் சிவந்த திட்டொன்று தோன்றுகிறது, அரிக்கிறது, செதில் உதிர்கிறது. கண்டோர் கரப்பான் என்பர்; படை என்பர். களிம்பு பூசினால் சற்றே அடங்கும், மீண்டும் தலைகாட்டும். இத்தகைய திட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவையே. மிகச் சிலருக்கு மட்டும் அது தோலில் தொடங்கும் நிணநீர்ப் புற்றாக இருக்கும். உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகை கட்டுமீறிப் பெருகித் தோலிற் குடிபுகுவதால் இந்நோய் விளைகிறது.

பாரிஸ் நகரத்து மருத்துவர் அலிபெர் 1806ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். நோயாளியின் கட்டிகள் காளான் போன்றிருந்தமையால், பின்னர் இதற்கு 'மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்' என்று பெயரிட்டார். காளானுக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் தோற்றத்தைக் கண்டு இட்ட பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது.

நோய் தோலளவில் நிற்கிறதா, உள்ளிருக்கும் நிணநீர்க் கணுக்களிலும் பரவிவிட்டதா? மருத்துவம் இவ்வினாவின் விடையைப் பொறுத்தது. 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டிற்று. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி, உடலைக் குறுக்கே அரிந்து பார்த்தாற்போன்ற படத்தைத் தந்தது. கணுவின் பருமனை அதனால் அளக்கலாம். பின்னர் வந்த 'பெட்' முறையில், கதிரியக்க ஃபுளூரின் சேர்ந்த சர்க்கரைப் பொருளைக் குருதியிற் செலுத்துவர். அதன் கதிரியக்கம் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறையும். சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் உயிரணுக்கள் குழுமிய இடம் படத்தில் சுடர்விடும். பருத்திராத கணுவில் மறைந்துள்ள நோயையும் இம்முறை சுட்டக்கூடும்.

எனினும் படத்தையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. தோலில் மெல்லியதாய்ப் படர்ந்த திட்டுகள் பெரும்பாலும் பெட் படத்திற் புலப்படா. மாறாக, சாதாரணப் புண்ணின் அழற்சியால் வீங்கிய கணுவும் புற்றைப் போலவே சுடர்விடும். எந்தக் கணுவைச் சோதிப்பது என்பதற்குப் படம் வழிகாட்டும். அங்கிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆய்ந்த பின்னரே நோய் இன்னதென்று உறுதியாகும். தோலின் திசுவையும் சிலருக்கு மீண்டும் மீண்டும் எடுத்து ஆராய வேண்டியிருக்கிறது. அதனால் நோயை உறுதிசெய்யவே ஆண்டுகள் சில கழிவதுண்டு. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவருள் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழ்கின்றனர் என்பது ஆறுதல் தரும் செய்தி.

மாணவர்களே, ஆறாத திட்டுக்குத் தாமே களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு நாளைக் கடத்துவோர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு நுட்பமான கருவியாயினும், நோயாளி அதனிடம் வந்து சேர்ந்தால் அன்றோ பயன்படும்?