பச்சிளம் குழந்தைக்குப் பரிசோதனை என்றால் மறுக்காதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பி.காம்.காரன். ஒரு தாத்தாவாக நான் செய்த தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பேத்தி பிறந்த 19-ஆம் நாள் சாயங்காலம் பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் துவண்டு தூங்கினாள். காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லென்று இருந்தது. "உரம் விழுந்திருக்கும், காலையில் பார்க்கலாம்" என்றேன். ஓர் இரவு போய்விட்டது.

மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றதும், "கால் விளங்காமல் போய்விடும்" என்று மறுத்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும், கிருமி மூளை உறையைத் தொட்டுவிட்டதா என்று அந்த நீர்தான் காட்டும். என் மகள் கையெழுத்துப் போட்டாள்.

நீரில் கிருமி இருந்தது. மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். என் பேச்சைக் கேட்டிருந்தால், பாதியிலேயே மருந்தை நிறுத்தி வீட்டுக்கு வந்திருப்போம். பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒரு காது மந்தம். அந்த ஓர் இரவுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மறக்கவில்லை.

"ரிசல்ட் வருமுன்பே ஏன் மருந்து?" என்றும் கேட்டேன். வங்கியில் செக் கிளியர் ஆன பிறகுதான் பணம். அங்கே தலைகீழ். ரத்தத்தில் கிருமி வளர்ந்து தெரிய ஓரிரு நாள் ஆகலாம். குழந்தை அதுவரை தாங்காது. அதனால் ரத்தம் எடுத்ததும் மருந்து தொடங்குகிறார்கள். கிருமி இல்லையென்றால் நிறுத்தலாம். இருந்தால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியும். டெல்லியில் 3 மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், பச்சிளம் குழந்தைகளின் இறப்பில் ஏறத்தாழ கால் பங்குக்கு இத்தொற்றே காரணம் என்று தெரிந்தது. பல கிருமிகள் வழக்கமான மருந்துகளுக்கு மசியவில்லை.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் இவற்றைப் பாருங்கள்: பால் குடிக்காமை, அசைவு குறைதல், வலிப்பு, நெஞ்சு உள்வாங்குதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் சூடு, அல்லது 95.9-க்குக் கீழே குளிர்ச்சி. ஒன்று இருந்தாலும் வசம்பு, உரம் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். நமக்கு முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

டாக்டரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். ஆனால் தாத்தா பாட்டிகளே, கையெழுத்தைத் தடுக்காதீர்கள்.