கைராசி இல்லை என்ற பிள்ளை

(திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



போன ஆண்டு பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்காக என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டுகளில் தக்காளி விதைத்தார்கள். முளைத்த ஒரு வாரத்தில் நாற்றுகள் தண்டின் அடி அழுகிச் சாய்ந்தன. "எனக்குக் கைராசி இல்ல டீச்சர், இனிமே நான் விதை போடல" என்றாள் ஒரு மாணவி.

அது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி இதற்கு முக்கியக் காரணம். ஈரம் தேங்கினாலும், விதை நெருக்கமாக விழுந்தாலும் நோய் கூடும். இருவேளையும் தண்ணீர் ஊற்றச் சொன்னது நான்தான். தவறு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன்.

மண்ணை அளைவது பிள்ளைகளின் கை. விளையும் காய் சத்துணவுக்குப் போகும். எனவே ரசாயனம் வேண்டாமென்று டிரைக்கோடெர்மா விரிடி வாங்கினோம். இது நன்மை செய்யும் பூஞ்சை. நோய்க்கிருமியின் இழையைச் சுற்றிக்கொண்டு, நொதிகளால் அதன் சுவரைக் கரைத்து உண்கிறது. டிரைக்கோடெர்மா மற்ற மண் பூஞ்சைகளைத் தாக்கி உண்பதை 1932-இல் ரிச்சர்ட் வெய்ண்ட்லிங் எழுதினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, கிலோ விதைக்கு 4 கிராம். நமக்கு ஒரு சிட்டிகை போதும்.

ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தினோம். ஒரு தட்டில் பூசிய விதை, மற்றதில் பூசாத விதை. மண், தண்ணீர், வெயில் இரண்டுக்கும் ஒன்றே. அந்த மாணவியே தினமும் எண்ணிக் குறித்தாள். பூசாத தட்டில் பாதிக்குமேல் சாய்ந்தன. பூசியதிலும் சில சாய்ந்தன. அதையும் மறைக்காமல் எழுதினாள்.

செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இது வருமுன் காப்பது. அழுகிய நாற்றை மீட்காது. ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்கக் கூடாது. உயிருள்ள பொருள் என்பதால் வெயிலில் வைக்காதீர்கள். காலாவதித் தேதி பாருங்கள். பொடியை ஆசிரியர் கையாளட்டும். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சந்தேகம் வந்தால் நம் மாவட்டத்திலேயே சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஒரு தட்டுச் சோதனையால் எல்லாம் நிரூபணமாகிவிடாது. ஆனால் ராசி என்று சொன்ன பிள்ளை, "அடுத்த தடவை தண்ணிய மட்டும் குறைச்சுப் பாப்போமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.