மனை போடுமுன் மண்ணைக் கேளுங்கள்



காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், கழனிக்கு நடுவே கல் நட்டுக் கொடி கட்டியிருப்பதைப் பார்க்கிறோம். நேற்று நெல் விளைந்த இடம் இன்று வீட்டு மனை. நிலத்தை விற்றவரும் நம்மவர். வாங்கி வீடு கட்டுகிறவர்களிலும் நம்மவர் உண்டு. பக்கத்திலே இன்னும் பயிர் வைக்கிறவரும் நம்மவர்தான். இந்த மூன்று பேருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அது செப்டிக் டேங்க்.

"பயிரைப் பற்றிப் பேசாமல் கக்கூஸைப் பற்றிப் பேச வந்துட்டாரே" என்று நினைக்க வேண்டாம். இதுவும் மண்ணையும் தண்ணீரையும் பற்றிய பேச்சுதான்.

செப்டிக் டேங்க் கட்டிவிட்டால் கழிவு நீர் சுத்தமாகிவிடும் என்று பலரும் நம்புகிறோம். அது பாதிதான் உண்மை. தொட்டியிலே கெட்டியானது அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் நோய்க் கிருமிகள் அப்படியே இருக்கும். மிச்ச வேலையைச் செய்ய வேண்டியது மண். மண் வழியாக மெல்ல இறங்கும்போதுதான் கிருமி மடிகிறது. ஆகவே மண் சரியில்லை என்றால், தொட்டியை எத்தனை நன்றாகக் கட்டினாலும் பாதி வேலை பாக்கி நிற்கும்.

நெல்லுக்கு எந்த மண் நல்லது? தண்ணீரைக் கட்டி நிறுத்துகிற களிமண். ஏரி ஆயக்கட்டு நிலமெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். செப்டிக் டேங்குக்கு அதே மண் ஆகாது. தண்ணீர் உள்ளே இறங்காது. மழைக் காலத்தில் மேலே பொங்கி வந்து, தெருவிலும் பக்கத்துக் கழனியிலும் நிற்கும். பாலாற்று ஓரத்து மணலோ இதற்கு நேர் எதிர். தண்ணீரைக் குடித்துவிடும், ஆனால் வடிகட்ட நேரம் தராது. கிருமி வேகமாகக் கிணற்றுக்குப் போய்விடும். காஞ்சிபுரம் ஊருக்கே பாலாற்று மணலில் ஊறும் தண்ணீர்தான் குடிநீர் என்பதை மறக்கக் கூடாது.

நெசவு செய்யும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வீடுகளில் தறிக்குழியிலே தண்ணீர் ஊறும்; தறி நின்றுவிடும். தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிற இடத்தில், அதைவிட ஆழமாகத் தோண்டும் உறிஞ்சு குழி எப்படி வேலை செய்யும்? கழிவு நீரும் ஊற்று நீரும் அங்கே ஒன்றாகிவிடும்.

மண்ணைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். உறிஞ்சு குழி வரப்போகிற இடத்தில், அந்த ஆழத்துக்கு, அரை அடி முதல் ஒரு அடி வரை அகலத்தில் ஒரு குழி எடுங்கள். பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் இரண்டு அங்குலம் பருமணல் போடுங்கள். அதன் மேல் ஒரு அடி உயரம் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க மண் ஊற விடுங்கள். மறுநாள் திரும்பத் தண்ணீர் விட்டு, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 30 நிமிஷத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி போடலாம். 30 முதல் 60 நிமிஷம் என்றால், குழி போதாது. ஜல்லி போட்ட நீளமான வாய்க்காலில் பரவலாக விட வேண்டும். 60 நிமிஷத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் விடவே கூடாது. ஜல்லி வடிகட்டி போன்ற வேறு ஏற்பாடு வேண்டும்.

நிலத்தடி நீர் ஆறு அடிக்குள் இருந்தாலும் குழி ஆகாது. மேடு கட்டி அதில்தான் விட வேண்டும். சித்திரை வெயிலில் சோதிக்காதீர்கள். அப்போது களிமண் வெடித்து, எவ்வளவு விட்டாலும் குடிக்கும், நம்மை ஏமாற்றிவிடும். மழைக் காலத்தில் பாருங்கள்.

இந்த அளவெல்லாம் ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதியில் உள்ளவை. அதிலேயே இன்னொன்றும் உண்டு. கழிவு நீரை மண்ணில் விடும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 6 மீட்டர், சுமார் 20 அடி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 30 அடிக்கு 40 அடி மனை, அரை கிரவுண்டு. ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் குறுக்கே அளந்தாலே 50 அடிதான். ஒரே மனையில் போரும் போட்டு, குழியும் போட்டால் 60 அடிக்கு எங்கே போவது? நம் மனையில் எப்படியோ தள்ளி வைத்தாலும், பக்கத்து மனைக்காரர் குழி நம் போருக்கு அருகில் வந்து நிற்கும். இதை வீடு கட்டும்போது சரி செய்ய முடியாது. மனை பிரிக்கும்போதே, மேட்டுப் பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறும் மேல்நிலைத் தொட்டியும், தாழ்ந்த பக்கம் பொதுவான கழிவு நீர்ச் சுத்திகரிப்பும் என்று இடம் ஒதுக்க வேண்டும்.

"அப்ரூவல் இருக்குங்க, பயப்படாதீங்க" என்பார்கள். அப்ரூவல் அவசியம்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதும், பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி வந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் மனையின் மண் தண்ணீர் குடிக்குமா என்பதை, குழி தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கட்டும்போதும் ஏமாறாதீர்கள். நாலு சிமெண்ட் உறையை இறக்கிவிட்டு "செப்டிக் டேங்க் ரெடி" என்பார்கள். அது வெறும் குழி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தொட்டி உள்ளளவு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் சுமார் 3½ அடியாவது வேண்டும். அடியும் பக்கமும் பூசி, கசியாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கசடை எடுக்க வேண்டும்.

அந்தக் கசடு வண்டி நம் கழனிக்கு வந்து, "உரம்தானே, கொட்டிக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பச்சைக் கசடில் குடல் புழு முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். கீரைக்கும் காய்க்கும் அது ஆகாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே தொட்டியில் விஷ வாயு தாக்கி 6 பேர் இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கி, அவரும் போனார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இயந்திர வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, நிலம் விற்கிறவருக்கு ஒரு வார்த்தை. நாலு ஏக்கரை விற்று ஒரு ஏக்கரை வைத்துக்கொள்கிறீர்கள். அந்த ஒரு ஏக்கரின் கிணறு மனைகளுக்குப் பக்கத்தில்தானே இருக்கும்? ஆகவே விலை பேசும்போதே, கழிவு நீர் எங்கே போகும் என்று கேளுங்கள். ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் விட மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். கிராம சபையிலும் இதைக் கேளுங்கள். நம் உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒன்றைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் நாம்.

விதைக்குமுன் மண்ணைப் பார்க்கிறோம். மனை போடுமுன்னும் பார்ப்போம்.