திரையில் குறையுடைய நாயகன்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறையுடைய ஒரு திரைப்படப் பாத்திரம் எதனால் நாயகன் ஆகிறது என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. கவியரங்குகளும் காப்பிய ஆய்வுகளும் நடந்துவந்த மேடையில் திரைப்படத்தைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். எனக்கு அத்தயக்கம் இல்லை. ஒரு மனிதனைத் தலைவன் என்று ஏற்றுக்கொள்வதற்கு மக்கள் எவற்றையெல்லாம் மன்னிக்கிறார்கள் என்பதை இந்த நூற்றாண்டில் திரையரங்கில் தெரிந்துகொள்வதுபோல் வேறெங்கும் தெரிந்துகொள்ள இயலாது. பாட்டுடைத் தலைவனைத் தேடும் கவிஞர்களுக்கு இது அயலான செய்தியும் அன்று.

பெருங்காப்பியத்தின் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலோ, துன்பியல் நாடகத்துக்குரியவன் முற்றிலும் நல்லவனும் அல்லன், முற்றிலும் தீயவனும் அல்லன், ஒரு பிழையினால் வீழ்பவன் என்றார். அவர் ஆண்ட 'ஹமார்ஷியா' என்னும் சொல்லுக்கு வில்வித்தையில் குறி தவறுதல் என்று பொருள். எய்தவனுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது, இலக்கும் இருக்கிறது. அம்பு மட்டும் வேறெங்கோ போய்த் தைக்கிறது. அது தைத்த இடத்தில் யார் நின்றார் என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் மிகுதியாகக் கேட்கவில்லை. எனக்கு அக்கேள்விதான் முதன்மையானது.

நம் திரைக்கதையாசிரியர்கள் கண்ட எளிய வழி, குறைக்குக் காரணம் கூறிவிடுதல். அவன் திருடுகிறான், தாய்க்கு மருந்து வாங்க. அவன் கொலை செய்கிறான், தந்தையைக் கொன்றவர்களை. இடைவேளைக்குப் பின் மழை பெய்யும் ஓர் இரவில் பழங்கதை விரியும். அரங்கில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்கும். அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடும். இவ்வாறு விடுவிக்கப்பட்டவனைக் குறையுடைய நாயகன் என்று அழைப்பது பொருந்தாது என்பது என் துணிபு. அவன் வேடம் மாறி வந்த தன்னிகரற்ற தலைவனே. குறை அவனுடையதாக இல்லை. ஊருடையதாக, விதியுடையதாக மாற்றப்பட்டுவிட்டது.

அப்படியானால் அளவுகோல் எது? அவனால் துன்புற்றவர் கதைக்குள் சிறுமைப்படுத்தப்படாமல் நிற்கிறாரா என்று முதலில் பார்க்கிறேன். அவருடைய கண் வழியாக அவன் தன்னைக் காண நேர்கிறதா என்று அடுத்துப் பார்க்கிறேன். இவ்விரண்டும் அமைந்தால் அவன் திருந்தவும் வேண்டியதில்லை, வெல்லவும் வேண்டியதில்லை. நாம் அவனோடு நடந்துவிடுகிறோம்.

இதை நான் கற்றது திரைப்படத்தில் அன்று; சிலப்பதிகாரத்தில். கொலைக்களக் காதையில், ஆயர் மனையில் உணவு உண்ட பின் கோவலன் தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்கிறான். தீயோர் கூட்டத்தில் திரிந்ததையும், பெற்றோருக்குச் செய்யத் தவறியதையும், இளம்பெண்ணைக் கடுவழி நடக்கவைத்ததையும் அவனே சொல்கிறான். "எழுக என்றேன், ஏன் எழுந்தாய்?" என்ற பொருளில் அவன் கேட்கும்போது, கண்ணகி "பரவாயில்லை" என்று சொல்லி அவனைத் தேற்றவில்லை. அவன் பிரிந்ததால் அறவோரையும் விருந்தினரையும் பேணும் வாய்ப்பைத் தான் இழந்ததையும், மாமன் மாமியர் முன் பொய்ச்சிரிப்புக் காட்டி நின்றதையும் கூறி, அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். சில நாழிகையில் அவன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போய் வெட்டுண்டு விழுகிறான். பின்னர் மதுராபதித் தெய்வம் முற்பிறப்புக் கதையைச் சொல்லி அவன் சாவுக்குக் காரணம் காட்டுகிறது. அவன் மனைவியைப் பிரிந்ததற்கு அக்கதை காரணம் காட்டவில்லை. இளங்கோவடிகள் அப்பிழையை அவன் கணக்கிலேயே விட்டுவைத்தார்.

இனித் திரைக்கு வருகிறேன். 1948-இல் வெளிவந்த வித்தோரியோ தெ சிக்காவின் இத்தாலியப் படம் 'சைக்கிள் திருடர்கள்'. போருக்குப் பிந்திய ரோம் நகரம். ரிச்சிக்கு ஊர்ச்சுவர்களில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் கட்டாயம். அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க அவன் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. மகன் புருனோவுடன் அவன் நகரமெங்கும் தேடி அலைகிறான். ரிச்சியாக நடித்தவர் நடிகர் அல்லர், ஓர் ஆலைத் தொழிலாளி. அந்த முகத்தைப் பார்த்து நாம் உருகுவதில் வியப்பில்லை. ஆனால் தெ சிக்கா அவனை நல்லவனாக மட்டும் வைத்திருக்கவில்லை. வழியில் எரிச்சலில் மகனை அறைகிறான். இறுதியில் தெருவோரம் நிற்கும் வேறொருவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், பிடிபடுகிறான். படத்தின் பெயரில் உள்ள பன்மை அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. அமெரிக்காவில் இப்படத்தைத் திரையிட்டவர்கள் பெயரை ஒருமையாக்கி 'சைக்கிள் திருடன்' என்று வைத்தார்கள். கதையின் பாதியை அவர்கள் பெயரிலேயே தொலைத்துவிட்டார்கள் என்பேன்.

அந்த இறுதிக்காட்சியைக் கவனியுங்கள். கூட்டம் ரிச்சியை அடிக்கிறது, அவன் தொப்பி கீழே விழுகிறது. சிறுவன் அழுதுகொண்டே அந்தத் தொப்பியை எடுத்துக்கொள்கிறான். சைக்கிளுக்கு உரியவர் அச்சிறுவனைப் பார்க்கிறார். புகார் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். அவரைக் கொடியவராகக் காட்டியிருந்தால் ரிச்சி எளிதில் தப்பியிருப்பான். நல்லவரிடமே திருடினான் என்று ஆக்கியதால் அவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கூட்டத்தோடு நடக்கும்போது மகன் தந்தையின் கையைப் பற்றுகிறான். தந்தை அழுகிறான். சைக்கிள் கிடைக்கவில்லை, வேலை நிலைக்காது, நாளையும் பசிதான். அவனை நாயகன் என்று நாம் ஏற்பது அந்தக் கை கோத்த நொடியில்.

தமிழ்ப் படங்களில் 1954-ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடல்களே இல்லாத படம் என்று எல்லோரும் நினைவுகூர்வர். நான் நினைவுகூர்வது, சிவாஜி கணேசன் அதில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக வருகிறார் என்பதை. வானொலிப் பொறியாளன் ராஜனுக்குக் காரணமும் இருக்கிறது. ஏழைகளுக்காக அவன் தீட்டிய திட்டத்தை அரசு புறக்கணித்தது. அக்காரணத்தைப் படம் மறைக்காமல் சொல்லுகிறது; சொன்ன பிறகும் அவனை விடுவிக்கவில்லை. அவனை நேசிக்கும் மனைவியின் கைத்துப்பாக்கியே அவன் உயிரை வாங்குகிறது.

அதே ஆண்டில் வந்தது கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'ரத்தக்கண்ணீர்', திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகம். தாயை இழிவுபடுத்தி, மனைவியைத் தள்ளிவைத்து, பரத்தையிடம் செல்வத்தை இழந்த மோகனசுந்தரத்தை எம்.ஆர். ராதா தம் குரலாலேயே நாயகன் ஆக்கினார். நோயுற்ற பின் அவன் தன்னைத்தானே எள்ளி நகையாடும்போது அரங்கு கைதட்டியது. தனக்குச் சிலை வேண்டும், அதுவும் நோயால் சிதைந்த உருவத்தில் வேண்டும் என்று அவன் கேட்பதைப்போல் ஒரு வேண்டுகோள் நம் திரையில் வேறில்லை. ஆயினும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் போக முடியாது. தொழுநோயைத் தீவினையின் தண்டனையாகக் காட்டியது, கூட்டு மருந்தால் முற்றாகக் குணமாகும் ஒரு நோயின்மீது சுமத்திய பழி. எத்தனையோ குடும்பங்கள் அப்பழியைச் சுமந்தன. மற்றொன்று, தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்கு மணமுடித்து வைக்கும் முடிவு. மறுமணத்தை ஆதரித்த துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் அவளை அன்று தள்ளிவைத்தவனும் அவனே, இன்று வழங்குபவனும் அவனே. அந்த இடத்தில் அவன் பெருமை உயர்கிறது, அவள் குரல் தேய்கிறது.

1987-இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' நம் தலைப்பையே பெயராகக் கொண்ட படம். பேரன் கேட்கும் கேள்வியையும், தான் நல்லவனா கெட்டவனா என்று தெரியவில்லை என்னும் வேலு நாயக்கரின் விடையையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அஜித் கேல்கர் என்னும் பாத்திரம். வேலு கொன்ற காவல்துறை ஆய்வாளரின் மகன், மனவளர்ச்சி குன்றியவன், வேலுவின் ஆதரவிலேயே வளர்ந்தவன். வழக்கிலிருந்து விடுதலை பெற்று நீதிமன்றத்தை விட்டு வெளியே வரும் நாயக்கரை அவன்தான் சுட்டுவீழ்த்துகிறான். ஊரும் சட்டமும் அவரை மன்னித்துவிட்டன. பராமரித்ததனால் கொலைக்கடன் தீர்ந்துவிடவில்லை என்று சொல்லும் உரிமையைப் படம் அந்தப் பேதைக்குக் கொடுத்தது. தொழில்முறையில் அவர் அழித்த மற்றவர்களுக்குப் படத்தில் முகம் இல்லை என்பது என் குறை. மகள் சாருமதி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறாள்.

இவை எல்லாவற்றினும் கடினமானது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்', 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்து வெகுதூரம் விலகிச் சென்ற படம். விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவை நாயகன் என்று சொன்னால் இங்கேயே சிலர் எழுந்து மறுப்பீர்கள். நோயுற்ற மனைவி லட்சுமியை வதைக்கிறான். அவள் தங்கையின்மீது கண் வைக்கிறான். லட்சுமி இறந்த பின் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். அதன் பிறகும் அந்தத் தங்கையை அவமானப்படுத்துகிறான். ஏன் இப்படி ஆனான் என்பதற்கு மகேந்திரன் ஒரு காட்சிகூட ஒதுக்கவில்லை. இளமையில் அடிபட்டவன் என்றோ, காதலில் தோற்றவன் என்றோ எதுவும் இல்லை. அவன் குரலைக்கூட உயர்த்துவதில்லை. லட்சுமியாக வரும் அஸ்வினியின் மௌனத்தை அசோக்குமாரின் ஒளிப்பதிவு அவ்வளவு அருகில் நின்று பார்க்கிறது. அவளைப் பொருட்படுத்தாத ஒரே ஆள் அவள் கணவன்தான், பார்வையாளர் அல்லர்.

இறுதியில் ஊர் திரண்டு அவனை ஆற்றுக்கு இழுத்துச் செல்கிறது. நீயே போய்ச் செத்துவிடு என்கிறது. அப்போது அவன் சொல்வதன் சாரம் இது: இதுவரை நீங்கள் நல்லவர்களாக இருந்தீர்கள், இன்று உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளில் பெரியது இதுதான். இதைக் கேட்டவுடன் சிலர் அவன் திருந்திவிட்டான் என்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அச்சொற்களில் கடைசியாக ஒருமுறை காயப்படுத்தும் கொடுமையும் இருக்கிறது. ஊரார் தலைமேல் ஆயுளுக்கும் இறங்காத சுமையை ஏற்றிவிட்டுப் போகிறான். அதே நேரத்தில், எதிரே நிற்பவர்களை மனிதர்களாக அவன் பார்ப்பதும் படத்தில் அதுதான் முதல் தடவை. கொடுமையும் காட்சியும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. பிரிக்க முடியவில்லை. பிறகு குழந்தைகளிடம் விடைபெற்று நீரில் இறங்குகிறான். கரையில் எஞ்சுவது தாயுமற்ற தந்தையுமற்ற இரண்டு பிள்ளைகள். அவன்மீது இரக்கம் கொள்ளும்படி படம் நம்மைக் கேட்கவில்லை. கேட்காமலே வருகிற இரக்கம் அது. ஆகவேதான் நாயகன் என்ற சொல்லை, தயக்கத்தோடு, அவனுக்கு அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் தருகிறேன்.

இதுகாறும் ஆண்களையே பேசினேன் என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண் கவிஞர்கள் கவனித்திருப்பீர்கள். 1978-இல் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் கமல்ஹாசன் நடித்தார். பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' பெண்களைக் கொல்லும் ஒருவனின் கதை. அவனுக்குப் பழங்கதை உண்டு, காரணம் உண்டு. கொலையுண்ட பெண்களோ ஆசை பிடித்தவர்களாக, சாகத் தக்கவர்கள்போலக் காட்டப்படுகிறார்கள். இறுதியில் மனம் பேதலித்து, மனைவியின் பெயரைச் சிறைச்சுவரில் எழுதுபவனாக அவனைக் கண்டு மக்கள் கலங்கினார்கள். மற்றொன்று ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் மஞ்சுவாக ஸ்ரீப்ரியா நடித்தார். மஞ்சு யாரையும் கொல்லவில்லை. சிடுசிடுக்கிறாள், நம்பியவர்களைச் சோதிக்கிறாள், அன்பு வரும்போது தள்ளிவிட்டுப் பிறகு தவிக்கிறாள். அவள்பால் பரிவு கொண்ட அருண், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், முடிவில் எந்தக் கேள்வியும் கேட்காத வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான்.

கொலைகாரனுக்காகக் கலங்கியவர்கள் பலர், மஞ்சுவைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும், "அவளுக்கு என்னதான் வேண்டுமாம்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் எழுதும் கவிதையில் அவளைப் போன்ற ஒருத்தி, காரணம் எதுவும் சொல்லாமல், மன்னிப்பும் கேளாமல் வந்து நின்றால் அவளைத் தலைவி என்று ஏற்பீர்களா என்று கேட்டு அமர்கிறேன்.