சிறிய வேடம், பெரிய நடிகர்



பள்ளியில் பெற்றோர் தினம் நெருங்கிவிட்டால், நாடகத்துக்கு ஆள் பிரிப்பதே எனக்குப் பெரும்பாடு. அரசன் வேடம் என்றால் பத்துக் கைகள் உயரும். கிழவன் வேடம் என்றால் ஒரு கையும் எழாது. ஒரு முறை தந்தை வேடம் கிடைத்த மாணவன், "எனக்கு நாலு வரிதான் சார்" என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் வேலை முடிந்த கையோடு அவனுடைய தாயார் வந்து, "ஏன் சார், எம்பிள்ள எதுக்கும் லாயக்கில்லையா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு நான் ஒரு நடிகரின் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

டெல்லி கணேஷ் என்ற பெயரை நீங்கள் அறிவீர்கள். 1944-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வல்லநாடு என்ற ஊரில் பிறந்தவர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தமிழ் நாடகங்களில் நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து, காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடை ஏறினார். 1977-இல் கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் திரைக்கு அறிமுகமானபோது, அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது.

அதன்பின் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெரும்பாலும் கதாநாயகனாக அல்ல. தந்தையாக, மாமனாக, கணக்கப்பிள்ளையாக. 1979-இல் வந்த 'பசி' படத்தில் சென்னைச் சேரியில் ரிக்ஷா மிதித்துப் பிழைக்கும் ஏழைத் தகப்பன். அதற்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. 1985-இல் 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கத்துக்கு அடிமையான மிருதங்கக் கலைஞர். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன். மறு ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரர். ஒருவரேதான் இத்தனை பேரும் என்று நம்ப முடிகிறதா? பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்கள் வழியாக நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து அமர்ந்தார்.

குணச்சித்திர நடிகரின் வேலை எளிதன்று. கதாநாயகனுக்கு மூன்று மணி நேரம் உண்டு. இவருக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். அதற்குள் இவர் யார், எந்த ஊர், மனத்தில் என்ன பாரம் என்பதை நாம் உணர்ந்துவிட வேண்டும். மற்றவர் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பதும் நடிப்புதான். மகன் அழும்போது தகப்பன் முகம் சும்மா இருந்தால், மகனின் கண்ணீரும் பொய்யாகிவிடும்.

கணேஷ் 2024 நவம்பரில், எண்பதாவது வயதில் காலமானார். அதே ஆண்டில்கூட அவர் நடித்த படம் வெளிவந்தது.

அந்த மாணவன் ஒத்திகைக்குத் திரும்பி வந்தான். நாடகத்தன்று நான்கு வரிகளையும் கணீரென்று சொன்னான். அவன் வாய் திறவாமல் நின்ற ஓர் இடத்தில், முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை நாடகத்தில் சேர்ந்தால், "எத்தனை வரி?" என்று கேட்காதீர்கள். "எப்படிச் செய்யப் போகிறாய்? எனக்குச் செய்து காட்டு" என்று கேளுங்கள். அவனுடைய முதல் ரசிகர் நீங்களாக இருங்கள்.