பனிமலை விவாதம் தந்த பாடம்

(பலமனேரில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



"பூமி சூடாகிறது என்பதெல்லாம் மேல்நாட்டார் கிளப்பிவிட்ட பயம்" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி இமயமலைப் பனியாறுகள். ஆகவே அந்த விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், இமயத்தின் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா இதற்கு மாறாக ஓர் ஆய்வுரை எழுதினார். பனியாறுகள் வழக்கத்துக்கு மாறாகச் சுருங்குவதற்குப் புவி வெப்பமே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்பது அவர் கட்சி. அதை வெளியிட்டவர், அப்போது நமது ஆந்திரத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வாகியிருந்த சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ். ஐ.நா. குழுவின் தலைவர் ஆர்.கே. பச்சௌரி, இதைப் பில்லிசூனிய விஞ்ஞானம் என்ற பொருள்படச் சாடினார்.

முடிவு என்ன? 2010 ஜனவரியில் ஐ.நா. குழுவே வருத்தம் தெரிவித்தது. 2035 என்ற அந்த வரி, முறையாகப் பரிசீலிக்கப்படாத ஓர் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்டவர்கள் கேட்டது நல்லதே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பஞ்சாங்கத்தில் ஒரு தேதி தவறாக அச்சானால் கிரகணம் வராமல் போய்விடுமா? 2019-ல் வந்த இந்துகுஷ்-இமாலய மதிப்பீடு, உலகின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினால்கூட அங்குள்ள பனியில் மூன்றில் ஒரு பங்கு 2100-க்குள் போய்விடும் என்கிறது. காலக்கெடு தவறாக இருந்தது. போகும் திசை தவறவில்லை.

அடிப்படைக் கணக்கு எளிமையானது. 1958-ல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வி. ராமநாதன், குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்களும் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்று 1975-லேயே காட்டினார். ஆகவே இதை முழுக்க மேல்நாட்டார் சரக்கு என்று தள்ளுவதற்கில்லை.

நமக்கு இதில் என்ன? 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி வெள்ளக்காடானதும், திருமலைப் பாதை சேதமானதும் நினைவிருக்கும். அந்த ஒரு மழையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். நம் கௌண்டின்ய நதி போய்ச் சேரும் பாலாறு, பல மாதங்கள் மணலாகக் கிடப்பதையும் பார்க்கிறோம். கொட்டும் மழையைத் தேக்க ஏரிகள் தூர்ந்திருக்கக் கூடாது.

சந்தேகம் கேட்பது நம் மரபு. தர்க்க சாஸ்திரம் வளர்த்தவர்கள் நாம். ஆனால் பதில் வந்த பிறகும் பழைய கேள்வியையே பிடித்துக்கொண்டிருப்பது தர்க்கம் ஆகாது. அடுத்த தலைமுறைக்கு வீடும் நகையும் சேர்க்கும் நாம், தண்ணீரையும் சேர்த்து வைப்போம்.